காப்பர் உடைக்குள் யார்

எங்கள் இசைத்தட்டின் அட்டைப்படத்தில் செம்பு நிற உடை போட்டு நடுவில் நிற்பவன் நான் இல்லை. அதிலிருக்கிற பாட்டில் கித்தார் வாசிப்பவன் நான்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் டேட்டன் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாததோடு விட்டால் பரவாயில்லை, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு போகிறார்கள்.

ஏப்ரலில் அந்த அம்மாள் ஃபோன் செய்தபோது எனக்கு அறுபத்தெட்டு வயது. பவுண்டரியில் உலோக வார்ப்பு வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் பெயர் மிஸ் பெட்டிஃபோர்ட், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மேற்கு மூன்றாம் தெருவில் பழைய டான்ஸ் ஹால் நின்ற இடத்தில் எங்கள் 'டபுள் ஷிப்ட்' பேண்டுக்கு வெண்கலத்தில் தகடு பதிக்கப்போகிறார்களாம். அதற்கான கமிட்டியில் இவள்தான் தலைவி.

"மிஸ்டர் லம்ப்கின், அந்தக் காலத்துல நீங்க இவங்களோட சுத்திட்டு இருந்தீங்களாமே? மிஸ்டர் ஸ்டிகர்ஸ் சொன்னார். வேன்ல சாமான் ஏத்தி இறக்குவீங்களாம். உங்களுக்கு நண்பர்கள் வரிசைல ஒரு நாற்காலி போடறோம் சார்."

வேன் ஓட்டினவன் கிளீவன் ஸ்டிகர்ஸ். சாமான் ஏற்றி இறக்கினதும் அவன்தான்.

"தகட்டுல யார் யார் பேரும்மா போடறீங்க?" என்றேன்.

மேடையில் நாங்கள் போட்ட உடைகளின் வரிசையில் அவள் வாசித்தாள். ஐந்து உடை, ஐந்து பெயர். கோல்டு, ட்ரம்ஸ், ஆர்லாண்டஸ் பீக். பிறகு மூன்று பேர், மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். கடைசியில், "காப்பர், கித்தார், கிளீவன் ஸ்டிகர்ஸ்."

"அம்மா, அந்த கித்தார் வாசிச்சது நான்."

சின்னப் பையனைச் சமாதானம் செய்கிற குரலில் சொன்னாள். "எல்லாருக்கும் அப்படித் தோணும் சார். போன வாரம் மூணு பேர் ஃபோன் பண்ணி, ட்ரம்பெட் ஊதினது நான்தான்னாங்க."

"ஆர்லாண்டஸைக் கேளுங்க."

"லிஸ்ட்டே அவர் குடுத்ததுதான். அவர் எழுதிக் குடுத்தா மாத்தறேன். ஆனா மே மாசக் கடைசில வார்ப்புக்குப் போயிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

ஃபோனை வைத்ததும் என் மனைவி வில்லெட்டா கேட்டாள். "யாரு?"

"என் பேரைப் போடல."

"நாப்பது வருஷமா போடல. இன்னிக்கு என்ன புதுசா?"

புதுசுதான். இத்தனை நாள் காகித அட்டையில் விட்டுப்போனது. அட்டை கிழியும், மக்கும். இது வெண்கலம். நான் முப்பத்தெட்டு வருஷம் வார்ப்புத் தொழிலில் இருந்தவன். ஒருமுறை ஊற்றி ஆறிவிட்டால் அது எத்தனை நாள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

எப்படி இப்படி ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆர்லாண்டஸின் சித்தப்பா சவ அடக்க நிலையம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அங்கே வண்டிக் கொட்டகையில், சவ வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாசிப்போம். எல்லோரும் ஆலைக்காரர்கள். ஆர்லாண்டஸ் ஃபிரிட்ஜ் ஆலையில், நான் பவுண்டரியில். "உள்ள படுத்திருக்கிறவன் கால் ஆடலன்னா நீங்க சரியா வாசிக்கலன்னு அர்த்தம்டா" என்பான் ஆர்லாண்டஸ். அவனுக்கு ஒரே ஒரு சட்டம். நாலு தட்டில் முதல் தட்டு, அந்த 'ஒண்ணு'. நடுவில் எவன் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், ஒண்ணு வரும்போது ஐந்து பேரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தவறவிட்டவன் அன்றைக்கு ஆர்கன் இசைப்பெட்டியைத் தனியாகத் தூக்க வேண்டும். அந்த ஆர்கன் ஒரு பசுமாடு கனம் இருக்கும். நான் ஒரே ஒரு தடவைதான் தூக்கியிருக்கிறேன்.

என் வேலை சின்ன வேலை. ஒரு கார்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கிற கட்டு. எட்டு நிமிஷப் பாட்டில் எட்டு நிமிஷமும் அதே கார்டு. வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், நிற்கவே கூடாது. இடது கை அழுத்தினால் ஒலி, லேசாகத் தூக்கினால் கம்பி வெறுமே உரசும் சத்தம். எது ஒலி, எது உரசல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்பவனுக்கு என்னைக் கேட்கிறோம் என்றே தெரியாது. நான் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பான். பவுண்டரியில் நாள் முழுக்க கிரைண்டர் பிடித்து வார்ப்பின் பிசிறைத் தேய்ப்பவனுக்கு இது பழகின வேலை.

உடை எப்படி வந்தது என்றால், முதலில் எங்களிடம் மெர்வின் என்று ஒரு பாடகன் இருந்தான். சுவரொட்டியில் அவன் பெயரைத்தான் பெரிதாகப் போட்டோம். ஜனம் அவன் பெயருக்கு வந்தது. ஒருநாள் அவன் வேறு பேண்டுக்குப் போனான். ஜனமும் அவனோடேயே போய்விட்டது. ஆறு மாதம் காலி ஹாலில் வாசித்தோம். அதன்பிறகுதான் ஆர்லாண்டஸ், சர்ச் பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கிற ஒரு அம்மாவைப் பிடித்து ஐந்து உடை தைத்துக்கொண்டு வந்தான். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். தலைக்கு வெல்டிங் வைக்கிறவர்கள் போடுகிற மூடி ஹெல்மெட், அதே நிறத்தில் சாயம் அடித்து.

"இனிமே உடைக்குத்தான் பேரு. ஆளுக்குப் பேரு கிடையாது. எவன் போனாலும் உடை இங்கயே இருக்கும்" என்றான்.

எல்லோரும் கை தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன்.

எழுபத்து நாலாம் வருஷம் மார்ச் மாதம் சின்சினாட்டி போய் 'கைய எடுக்காத' பாட்டைப் பதிவு செய்தோம். ஒரே தடவை, முதலிலிருந்து கடைசி வரை. ஐந்தாவது நிமிஷத்தில் என் மூன்றாவது கம்பி அறுந்தது. கை நிற்கக்கூடாதே, மிச்சக் கம்பியில் வாசித்துக்கொண்டே போனேன். அதனால் அந்த இடத்தில் கார்டு பல் விழுந்த வாய் மாதிரி கேட்கும். ஆர்லாண்டஸ் ரெக்கார்டிங் அறையின் கண்ணாடிக்கு அந்தப்புறம் போய் அதைத் திரும்பக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்றான்.

அட்டைப்படம் எடுக்கிற அன்று செவ்வாய்க்கிழமை. அந்த மாதத்தில் எனக்கு ஏற்கனவே மூன்று நாள் லீவு போயிருந்தது. நாலாவது நாள் போனால் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்வான் ஃபோர்மன். வில்லெட்டாவுக்கு ஏழாவது மாதம். கிளீவன் என் உயரம், என் உடம்பு. காலையில் வேன் எடுக்க வந்தவனிடம் உடையை நான்தான் கொடுத்தேன்.

"அரை மணி நேரம் நில்லுடா. ஹெல்மெட் போட்டா உன் மூஞ்சி என் மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான்."

"உன் மூஞ்சிய விட ஹெல்மெட்டே அழகா இருக்கு மச்சான்" என்றான்.

அந்தப் படத்தை இன்றைக்குக்கூட எடுத்துப் பாருங்கள். அவன் இடது கை விரல் எதுவும் கம்பிமேல் இல்லை. கித்தாரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நாடே பார்த்த படம், ஒருத்தரும் கவனிக்கவில்லை. பின்னட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. வில்லெட்டாதான் வாசித்துச் சொன்னாள். 'கித்தார்: காப்பர்.' எனக்குச் சந்தோஷம்தான். காப்பர் நான்தானே என்று நினைத்தேன்.

மூன்று கோடைக்காலம் நானே அந்த உடையில் ஊர் ஊராகப் போனேன். டெட்ராய்ட், கேரி, மெம்ஃபிஸ். உடைக்குள் வெந்துபோவோம். நாலாவது வருஷம் இரண்டாவது குழந்தை வந்தது. பவுண்டரியில், வருகிறாயா இல்லை ஆளை எடுக்கட்டுமா என்றார்கள். யூனியன், ஆஸ்பத்திரிச் செலவு, பென்ஷன் எல்லாம் அங்கேதான் இருந்தது. உடையைக் கழற்றி வேனில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிளீவன் எடுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. என் பங்கை ஆர்கன்காரன் ஏதோ ஒரு சின்ன கீபோர்டில் தட்டிச் சமாளித்தான். கிளீவன் ஒயர் சொருகாத கித்தாரைப் பிடித்துக்கொண்டு ஆடினான். என்ன ஆட்டம்! முழங்காலில் விழுந்து பின்பக்கமாக எழுந்திருப்பான். ஜனம் காப்பருக்காகவே வர ஆரம்பித்தது. அப்படியே பதினாறு வருஷம்.

பிறகு நியூயார்க் பையன்கள் வந்தார்கள். பாட்டுக்குப் பதில் பேச்சைத் தாளத்தில் வைக்கிற பையன்கள். எட்டு நிமிஷத்தில் அவர்களுக்குப் பிடித்தது நாலு விநாடி, கம்பி அறுந்த அந்த இடம். அதை வெட்டி, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன்மேல் பேசினார்கள். ஒருவர், இருவர் இல்லை, நாற்பது, ஐம்பது பேர். பவுண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் எவனோ ரேடியோ வைப்பான். என் கை கேட்கும்.

"அது நான்டா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"ஆமா ஹோசியா, நேத்து டி.வி.ல வந்த பேஸ்பால் பிளேயரும் நீதான" என்றார்கள். அதன்பிறகு நான் சொல்லவில்லை.

கிளீவன் பேட்டி கொடுத்தான். அந்தப் பல் விழுந்த இடம் எப்படி வந்தது என்று கேட்டார்களாம். ஸ்டுடியோ ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் ரயில் போனதாம், அதில் ஒரு பெட்டிக்குக் கதவு இல்லையாம், அதைப் பார்த்து அதே மாதிரி தன் கார்டிலும் ஒரு பெட்டியைக் காலியாக விட்டானாம். அந்த ஸ்டுடியோவுக்கு ஜன்னலே கிடையாது.

மிஸ் பெட்டிஃபோர்ட் ஃபோன் செய்த மறுநாள் ஆர்லாண்டஸ் வீட்டுக்குப் போனேன். ஜெர்மன்டவுன் தெருப் பக்கம் தனியாக இருக்கிறான், எழுபத்து நாலு வயது. சமையலறையில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு தட்டு வைத்தான்.

"அண்ணே, நான் சாப்பிட வரல."

"சாப்டுட்டே சண்டை போடு. ஆறிடும்."

"லிஸ்ட்டு நீ குடுத்ததாமே."

"கேட்டாங்க, குடுத்தேன்."

"காப்பருக்கு நேரா அவன் பேரைக் குடுத்திருக்க."

மீனைத் திருப்பிப் போட்டான். "நீ எத்தனை வருஷம் காப்பரா இருந்த?"

"மூணு கோடை."

"அவன் பதினாறு வருஷம். வேன்லயே தூங்கினான், வேன்லயே சாப்பிட்டான். இண்டியானால எங்கள அடிச்சாங்க பாரு, அன்னிக்கு உடைக்குள்ள இருந்தது அவன்தான், நீ இல்ல. இப்ப சொல்லு, காப்பர் யாரு?"

"காப்பர் யாருன்னு நான் கேக்கல. வாசிச்சது யாருன்னு கேக்கறேன்."

அடுப்பை அணைத்தான். கரண்டியை அடுப்பு மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஹோசியா, யோசிச்சுப் பாரு. பதினாறு வருஷம் ஒயர் சொருகாத கித்தாரை வெச்சுக்கிட்டு ஒருத்தன் ஆடினான்னு இப்ப சொன்னா என்ன ஆகும்? ட்ரம்ஸும் பொய்யா, ட்ரம்பெட்டும் பொய்யான்னு கேப்பாங்க. செத்துப்போன மூணு பேருக்கும் சேத்து அசிங்கம்."

"அப்ப நான் பேரில்லாம செத்தா மட்டும் பரவாயில்லையா?"

அவன் முகம் கொஞ்சம் இறங்கியது. எண்ணெய் அடங்கிப்போயிற்று. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"சரி. தகட்டுல ஆள் பேரே வேணாம், வெறும் உடை பேர் போதும்னு சொல்லிடறேன். விழா அன்னிக்கு அந்தப் பாட்டை மேடைல வாசிக்கணும்ங்கறாங்க. கிளீவனுக்கு இடுப்புல ஆபரேஷன், ஆடக்கூட முடியாது, ரெக்கார்டு போட்டுடலாம்னு இருந்தேன். வேணாம், நீ வா. நீ வாசி. எல்லாரும் கேக்கட்டும். முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சு நானே சொல்றேன், இதுதான் அந்தக் கைன்னு."

"சொல்லுவியா?"

"எங்க அம்மா மேல சத்தியம்."

மீனைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த இரண்டு மாதம் வாசித்துப் பழகினேன். கிரைண்டர் அதிர்வில் என் விரல் நுனியெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. குளிரில் வெள்ளையாகிவிடும். கம்பியை அழுத்துகிறேனா இல்லையா என்று விரலைக் கேட்டால் தெரியாது, காதைத்தான் கேட்க வேண்டும். முதல் வாரம் இரண்டு நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஜூன் கடைசியில் எட்டு நிமிஷம் தாங்கியது.

"யோவ், ரெண்டு மாசமா ஒரே கார்டு. அடுத்த கார்டு எப்ப வரும்?" என்றாள் வில்லெட்டா.

"வராது."

"அதான் ஊர்ல ஒருத்தனுக்கும் உன் பேர் தெரியல."

சிரித்தாள். ஆனால் விழா நாளைக்குப் போட என் நீலச் சட்டையை எடுத்து, ஒரு வாரம் முன்னாலேயே இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, நண்பகல். தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். டான்ஸ் ஹால் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அதன் சுவரில் சிவப்புத் துணிக்குள் தகடு. ஐந்நூறு பேராவது இருப்பார்கள். பன்றி விலா இறைச்சியை நெருப்பில் வாட்டுகிற புகை தெரு முழுக்க. பேஸ் கித்தாரும் ஆர்கனும் ட்ரம்பெட்டும் வாசிக்க காலேஜ் பிள்ளைகளை ஆர்லாண்டஸ் தயார் செய்து வைத்திருந்தான்.

மேடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான். கையில் செம்பு ஹெல்மெட்.

"இதைப் போட்டுக்க."

"எதுக்கு?"

"ஜனம் காப்பரைப் பாக்க வந்திருக்கு. நீல சட்டையோட ஒரு கிழவன் நின்னா யாரு இதுன்னு கேப்பாங்க. இதோட வாசி. கடைசி ஒண்ணு அடிச்சதும் மூடியைத் தூக்கு. நான் சொல்றேன். அப்பதான் ஜனத்துக்கு ஒரு அதிர்ச்சி இருக்கும்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பழைய பழக்கம், ஆர்லாண்டஸ் போடு என்றால் போடுவது. போட்டுக்கொண்டேன். உள்ளே வேறு எவனுடைய தலை எண்ணெயோ மணத்தது.

வாசித்தோம். அதைப்பற்றி நிறையச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆர்லாண்டஸுக்கு வயதாகியிருந்தது, ஆனால் ஒண்ணு ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என் கை நிற்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடி வழியாகக் கிழவிகள் எழுந்து நின்று இடுப்பை ஆட்டுவது தெரிந்தது. ஐந்தாவது நிமிஷம் வந்தபோது மூன்றாவது கம்பியை வேண்டுமென்றே விட்டுவிட்டு வாசித்தேன். கூட்டம் கத்தியது. அந்த எட்டு நிமிஷம் நான் யார் மேலும் கோபமாக இல்லை.

கடைசி ஒண்ணு. நிறுத்தினோம். மூடியைத் தூக்கினேன்.

வெயில் கண்ணை அடித்தது. சத்தம் சட்டென்று குறைந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விழாவை நடத்திய ரேடியோக்காரர் ஒரு நொடி திகைத்துவிட்டு, பெரிதாகச் சிரித்தார்.

"அட! நம்ம காப்பரு தனக்கு டூப் போட்டுட்டாருய்யா! இடுப்புல ஆபரேஷன் பண்ணாலும் மூளை வேலை செய்யுது பாருங்க! எங்க அவரு? மிஸ்டர் கிளீவன் ஸ்டிகர்ஸ்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையிலிருந்து கிளீவன் கைத்தடியை ஊன்றி எழுந்தான். செம்பு நிறக் கோட்டு போட்டிருந்தான். கையை உயர்த்தி ஜனத்துக்கு முத்தம் பறக்கவிட்டான். எனக்கும் ஒன்று பறக்கவிட்டான்.

நான் ஆர்லாண்டஸைப் பார்த்தேன். அவன் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான். மூச்சு வாங்கியது.

"இவன் பேரு ஹோசியா லம்ப்கின்" என்றான்.

நிறுத்தினான். துணி மூடிய சுவரைப் பார்த்தான். மிஸ் பெட்டிஃபோர்டைப் பார்த்தான். இறந்துபோன மூன்று பேரின் பிள்ளைகள் அப்பா படம் போட்ட சட்டையோடு இரண்டாவது வரிசையில் இருந்தார்கள், அவர்களைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"எங்க பழைய நண்பன். அந்தக் காலத்துலேர்ந்து எங்க கூடவே இருக்கான். நல்லா ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். நான் போய் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். அவன் விடவில்லை, பிடுங்கினேன்.

"அந்தப் பாட்டுல வாசிச்சது நான்" என்றேன்.

இன்னும் பலமாகத் தட்டினார்கள். இப்போதுதானே வாசித்தேன், அதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "பிரமாதமா வாசிச்சீங்க பெரியவரே!" என்று எவனோ கத்தினான். கைதட்டல் அடங்குவதற்குள் ரேடியோக்காரர் என் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கி, மைக்கை வாங்கிக்கொண்டார். துணியை இழுத்தார்கள்.

ஐந்து உடை, ஐந்து பெயர். ஒன்றும் மாறவில்லை. ஆர்லாண்டஸ் கமிட்டிக்கு ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். மட்டமான வார்ப்பு. எழுத்துகளின் ஓரத்தில் பிசிறைக்கூடச் சரியாகத் தேய்க்காமல் கொடுத்திருந்தார்கள். என் கிரைண்டருக்கு வந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

மிஸ் பெட்டிஃபோர்ட் ஒரு தட்டில் கேக்கோடு வந்தாள். "அச்சு அசல் ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு மிஸ்டர் லம்ப்கின். அந்தக் கதவில்லாத ரயில் பெட்டி இடம்கூட! மிஸ்டர் ஸ்டிகர்ஸ் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாரா?"

"அந்த அம்மாவுக்கு பதில் சொல்லாத. வா போலாம்" என்று வில்லெட்டா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

கார் பக்கம் போகிற வழியில் கூடாரத்துக்குக் கீழே கிளீவன் உட்கார்ந்து விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். "ஹோசியா, வாடா. கோவமா?"

"ரயிலு, கதவு இல்லாத பெட்டி. எங்கேர்ந்துடா புடிச்ச அதை?"

"நல்லா இருக்குல்ல?" என்று சிரித்தான். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டே குரலை இறக்கினான். "முதல்ல பொய்னு தெரிஞ்சுதான்டா சொன்னேன். எப்பலேர்ந்து அது பொய்யில்லாம ஆச்சுன்னு எனக்கே தெரியல. ராத்திரி படுத்தா விரல்ல கம்பி அழுத்தற மாதிரி இருக்குடா. உனக்கு வீடு இருக்கு, புள்ளைங்க இருக்கு, இதோ வில்லெட்டா இருக்கா. எனக்கு அந்த ஹெல்மெட்டைத் தவிர வேற என்ன இருக்கு?"

"அது என்னுது."

"உன்னுதுதான். நீதான குடுத்த?"

வில்லெட்டாதான் பதில் சொன்னாள். "அரை மணி நேரத்துக்குக் குடுத்தது கிளீவன். அரை மணி நேரத்துக்கு."

அவன் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டான். நாங்கள் காரில் ஏறினோம்.

திங்கட்கிழமை காலை ஆர்லாண்டஸ் ஃபோன் செய்தான். சத்தியத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவான் என்று எடுத்தேன்.

"ஹோசியா! ஊரெல்லாம் நம்ம பேச்சுதான். தலைநகர் கொலம்பஸ்ல கூப்பிடறாங்க, செப்டம்பர் மாசம். மாநிலத்துலயே பெரிய மரியாதையாம். அதே பாட்டை வாசிக்கணுமாம்."

"சரி."

"நீ வரணும். அதே மாதிரி ஹெல்மெட்டோட. ஆனா இந்தத் தடவை மூடியைத் தூக்காத, என்ன? ஜனம் குழம்பிப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கிளீவனை வாசிக்கச் சொல்லுண்ணே. அவன்தான காப்பரு."

"விளையாடாதடா. அவனுக்கு ஒரு கார்டுகூடத் தெரியாதுன்னு உனக்கே தெரியும்."

"இத இப்ப சொல்ற பாரு, சனிக்கிழமை மைக்ல சொல்லியிருக்கலாம்."

"நான் என்ன பண்ண முடியும் சொல்லு? அந்தப் புள்ளைங்க அப்பன் படத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. அங்க போய் நான்... நீயே என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப? கேளு, கொலம்பஸ்ல வேற மாதிரி பண்ணலாம், நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன்..."

நான் ஃபோனை அப்படியே சமையலறை மேசைமேல் வைத்தேன். கொல்லைக் கதவைத் திறந்து குழாயைத் திருப்பினேன். ஜூலை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது, தக்காளிச் செடியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் நின்று ஊற்றினேன். உள்ளே அவன் குரல் பூச்சி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிச் செடிக்கு வந்தபோதும் அது நிற்கவில்லை. முதல் செடிக்குத் திரும்பப் போய் இன்னொரு முறை ஊற்ற ஆரம்பித்தேன்.